டிரெய்லர் எந்த நொடியில் நம்மைப் பிடிக்கிறது: குடும்ப அனிமேஷன் படங்களின் டிரெய்லரைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

முதன்முதலாக ஒரு அனிமேஷன் பட டிரெய்லரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நான் எழுதிய வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இசை அருமை, மனதை உருக்கிவிட்டது." அதைப் படித்த நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "எந்த இடத்தில்?" சொல்லத் தெரியவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். உருகிய இடம் எனக்கே தட்டுப்படவில்லை, ஏனென்றால் இந்த முறை என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு காத்திருந்தேன், காத்திருப்பவனுக்கு அது வேறு டிரெய்லராகத்தான் தெரியும்.

அதற்கப்புறம் நிறைய டிரெய்லர்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாயிற்று. குடும்ப அனிமேஷன் பட டிரெய்லர் செய்வது முக்கியமாக ஒரு வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது: ஒரு உணர்ச்சியைத் திறந்துவிட்டு, மூடாமல் போய்விடுகிறது. மூட வேண்டுமா, படத்துக்கு வா. எங்கே திறக்கிறது, எதை வைத்துத் திறக்கிறது, எங்கே கையை எடுத்துக்கொள்கிறது, இந்த மூன்றையும் நொடிக்கணக்கில் சொல்லப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஒரு மாலைப்பொழுது, ஒரு நோட்டு, ஒரு ஹெட்போன் போதும்.

முதலில் எதை எடுத்துக்கொள்வது

நீங்கள் இதுவரை பார்க்காத டிரெய்லராக இருக்க வேண்டும், படம் ஏற்கெனவே வெளிவந்திருக்க வேண்டும் (கடைசியில் படத்தோடு ஒப்பிடப் போகிறோம்). டீசரை விட்டுவிட்டு முழு டிரெய்லராக எடுங்கள். டீசருக்கு வேலையே வேறு, ஒரு பாத்திரத்தையோ ஒரு வேடிக்கையையோ அறிமுகப்படுத்திவிட்டு ஓடிவிடும். 2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தின் முதல் டீசரில் உறைந்த ஏரியின் மேல் ஒரு பனிமனிதனும் ஒரு கலைமானும் ஒரு கேரட்டுக்காக வழுக்கி வழுக்கிச் சண்டை போடுகின்றன, அவ்வளவுதான். கதையின் உயிரே அக்கா தங்கை உறவு, டீசரில் அதைப் பற்றிப் பேச்சில்லை. சிரிப்பை ஆராய அது நல்ல சரக்கு, ஆனால் தொடங்குபவர்களுக்குச் சிரிப்பும் வலியும் சேர்ந்து வரும் முழு டிரெய்லர்தான் கற்றுக்கொடுக்கும்.

நீளம் இரண்டு, இரண்டரை நிமிடம் இருக்கும். அமெரிக்காவில் இரண்டரை நிமிடம் என்று இருந்த எல்லையை அங்குள்ள திரையரங்கு உரிமையாளர்கள் சங்கம் 2014-இல் இரண்டு நிமிடமாகக் குறைக்கச் சொல்லி ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஒன்றரை மணி நேரப் படத்தை இரண்டு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்பதால் வீணான ஷாட் பெரும்பாலும் இருக்காது, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலைக்காகத்தான் உள்ளே வந்திருக்கும்.

முதல் தடவை: நிறுத்தாமல்

முதல் தடவை என்பது ஒரே தடவைதான் கிடைக்கும், அதை வீணாக்காதீர்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கையில் பேனா இருக்கட்டும், உடம்பில் ஏதாவது நடந்தால் மட்டும் நோட்டில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பில் என்றுதான் சொல்கிறேன். "சோகம்", "மகிழ்ச்சி" என்று எழுத வேண்டாம், அதெல்லாம் மூளை பிறகு யோசித்து வைக்கும் பெயர். சிரித்தேன், மூச்சைப் பிடித்தேன், திரைப்பக்கம் சாய்ந்தேன், தொண்டை அடைத்தது, சலிப்பில் கண் வேறெங்கோ போனது என்று குறியுங்கள். சலிப்பையும் குறிக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைக்குப் போட்டுக் காட்டிவிட்டு நீங்கள் திரையைப் பார்க்காமல் அதன் முகத்தைப் பாருங்கள். உங்களுக்குத் தொண்டை அடைத்த இடத்தில் அது சிரித்துக்கொண்டிருக்கலாம். அந்த வித்தியாசம் பின்னால் மிகவும் உதவும்.

இரண்டாம் தடவை: சத்தமில்லாமல்

ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். கோடு போட்ட இடங்களில் பாதி இப்போது ஒன்றும் செய்யாது. மீதி இடங்களில் சத்தமே இல்லாமலும் ஏதோ நடந்தால், அங்கே வேலை செய்வது படம்தான்.

முகங்களில் தொடங்குங்கள். அனிமேஷன் பாத்திரங்களுக்கு ஏன் இத்தனை பெரிய தலை, இத்தனை பெரிய கண்? 1943-இல் கொன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் சொன்ன விஷயம் இது: பெரிய தலை, உயர்ந்த நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கைகால், இவையெல்லாம் சேர்ந்தால் நமக்குக் குழந்தை ஞாபகம் வந்து காக்கவேண்டும் என்ற உணர்வு தானாகக் கிளம்பிவிடும். பாத்திரத்தை வரையும்போதே பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

முகமே வேண்டாம் என்பது இன்னும் சுவாரசியம். 1944-இல் ஹைடர், சிம்மெல் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் ஒரு பெட்டியைச் சுற்றி நகரும் சின்னப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பெரிய முக்கோணம் அடாவடி செய்கிறது, வட்டம் பயப்படுகிறது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 1986-இல் பிக்ஸார் எடுத்த இரண்டு நிமிடக் குறும்படத்தில் இரண்டு மேசைவிளக்குகள்தான் பாத்திரங்கள், கண்ணும் இல்லை வாயும் இல்லை, ஆனால் எது பெற்றோர் எது பிள்ளை என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே மௌனமாகப் பார்க்கும்போது அசைவைக் கவனியுங்கள். யார் யாரை நோக்கிப் போகிறார்கள், யார் விலகுகிறார்கள், யார் ஒரு கணம் தயங்குகிறார்கள்.

நிறத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மஞ்சள் வெளிச்சத்திலிருந்து நீலத்துக்கு எங்கே மாறுகிறது என்று குறித்தால் போதும், அதற்கு மேல் அதில் குடைய வேண்டாம். நிறத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாமல் போய்விடும், நானே பட்டிருக்கிறேன்.

மூன்றாம் தடவை: கண்ணை மூடிக்கொண்டு

இப்போது ஒலி மட்டும். இது படத்தின் இசைதானா என்று முதலில் சந்தேகப்படுங்கள். டிரெய்லர் வெட்டும் நேரத்தில் படத்தின் பின்னணி இசை பல சமயம் தயாராகவே இருக்காது, அதனால் ஏற்கெனவே பிரபலமான ஒரு பாட்டையோ, டிரெய்லர்களுக்கென்றே செய்துவைத்திருக்கும் இசையையோ போடுவார்கள். தெரிந்த பாட்டு என்றால் அதைக் கேட்ட பழைய நாட்களும் கூடவே வந்துவிடும், அந்த உணர்ச்சி படத்துக்குச் சொந்தமில்லை, இரவல்.

அடுத்து, இசை எங்கே நிற்கிறது. ஒரு டிரெய்லரில் ஒரே ஒரு இடத்தை மட்டும்தான் ஆராயலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால் இசை நிற்கும் இடத்தைத்தான் எடுப்பேன். துள்ளலாகப் போய்க்கொண்டிருப்பது பட்டென்று அறுந்து, மூச்சுச் சத்தமோ காற்றோ ஒரு சின்ன வசனமோ மட்டும் கேட்கும். அப்புறம் மெதுவாக ஒரு பியானோ. பிறகு முரசும் கூட்டிசையுமாக ஏறி, உச்சியில் மறுபடி அறுந்து, தலைப்பு. தலைப்புக்குப் பின்னால் கடைசியாக ஒரு சிரிப்பு. இந்த அச்சு உங்களுக்குப் பழகியிருக்கும். அச்சு பழசு என்று குறை சொல்லிவிட்டுப் போகாமல், முதல் மௌனம் யாருடைய முகத்தின் மேல் விழுகிறது என்று பாருங்கள், படத்தின் இதயம் அங்கேதான் இருக்கும்.

நான்காவது: ஷாட் ஷாட்டாக

இது கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை, ஆனால் இதுதான் வேலை. யூடியூபில் பார்க்கிறீர்கள் என்றால் கணினியில் திறந்துகொள்ளுங்கள், நிறுத்திவைத்துவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் (அதாவது ஒற்றைப் படம்) முன்னால் போகும், கமா விசை ஒரு ஃப்ரேம் பின்னால் கொண்டுவரும். 5 என்ற எண்ணைத் தட்டினால் நேராகப் பாதிக்குப் போய்விடலாம், 1 முதல் 9 வரை எல்லாம் அப்படித்தான், பத்து பத்து விழுக்காடாக.

முழு டிரெய்லரையும் அட்டவணை போடத் தேவையில்லை. கோடு போட்ட இடங்களில் பெரியதாக ஒன்றை எடுத்து, அதற்கு முன்னால் பத்து நொடி, பின்னால் பத்து நொடி மட்டும் போதும். நேரம், திரையில் என்ன, காதில் என்ன. எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு டிரெய்லரை நானே கற்பனை செய்துகொள்கிறேன். இரவில் விழித்திருக்க முடியாத ஒரு ஆந்தைக்குஞ்சு. குடும்பமே இரவில் பறக்கக் கிளம்பும், இது மட்டும் தூங்கி விழும். முதல் நாற்பது நொடி முழுக்க அதை வைத்துத்தான் சிரிப்பு: கிளையில் தூங்கிக் கவிழ்கிறது, அப்பா முதுகில் குறட்டை விடுகிறது, பள்ளியில் வரிசையில் நிற்கும்போதே சாய்ந்து பக்கத்திலிருப்பவர்களை எல்லாம் தள்ளிவிடுகிறது. அப்புறம் நோட்டில் இப்படி வரும்:

0:44. கூடு, இரவு. குஞ்சு கண்மூடிப் படுத்திருக்கிறது. இசை நின்றுவிட்டது. பூச்சிச் சத்தம் மட்டும்.
0:47. அப்பா, அம்மா, முதுகு நம் பக்கம். அப்பா, மெதுவாக: "இவன் பறக்கவே மாட்டானோ?"
0:51. அம்மாவின் முகம். பதில் இல்லை.
0:53. குஞ்சின் முகம், மிக நெருக்கத்தில். கண் திறக்கிறது.
0:56. பியானோ, ஒற்றைச் சுரம்.

ஐந்து வரிதான், ஆனால் இதற்குள் எவ்வளவு நடக்கிறது பாருங்கள். மூடிய கண்ணை நாம் அதற்குள் மூன்று முறை பார்த்துவிட்டோம், மூன்று முறையும் சிரித்தோம். நான்காவது முறை வரும்போதும் தூங்குகிறது என்றே நம்புகிறோம். கண் திறந்ததும் சிரித்ததெல்லாம் நம் பக்கமே திரும்பிவிடுகிறது. முதல் நாற்பது நொடிச் சிரிப்பு இந்த இரண்டு நொடிக்காகச் சேர்த்துவைத்த முதலீடு. நல்ல டிரெய்லர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்: ஒரே பொருள், ஒரே சைகை, ஒரே வார்த்தை இரண்டு முறை வரும், முதலில் வேடிக்கையாக, பிறகு வலியாக. அது எது என்று தேடுங்கள். ஒருமுறைகூட முன்னால் வராமல் திடீரென்று ஒரு கண்ணீர்த் துளியைக் காட்டினால் எனக்கு ஒட்டவே ஒட்டாது, கண்ணீருக்குக் கண்ணீர் காட்டுவது சோம்பேறித்தனம்.

அம்மாவின் முகத்தில் பதில் இல்லை என்றேன் அல்லவா, அந்த முகம் படத்தில் வேறு ஏதோ காட்சியிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் நூறாண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டிய வித்தை இது. ஒரே நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தால் பசி தெரியும், சவப்பெட்டியின் பக்கத்தில் வைத்தால் துயரம் தெரியும். டிரெய்லர் எடிட்டர்கள் இதை வைத்தே பிழைக்கிறார்கள், ஒரு காட்சியின் கேள்விக்கு இன்னொரு காட்சியின் பதிலை ஒட்டிவிடுவார்கள். அதனால் "இந்த ஷாட் சோகமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள், எதற்குப் பக்கத்தில் இருப்பதால் சோகமாகத் தெரிகிறது என்று எழுதுங்கள்.

ஐந்தாவது: பெயர் வைப்பது

இப்போதுதான் உணர்ச்சிக்குப் பெயர். நம்மிடம் ஏற்கெனவே நல்ல பெட்டி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணமும் தருகிறது, நமக்கு வேண்டியது அந்த நான்குதான். நகை பிறப்பது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றிலிருந்து. குஞ்சு தூங்கி விழுவதைப் பார்த்து நாம் சிரிப்பது இளமையால், வகுப்பில் மற்ற குஞ்சுகள் அதைப் பார்த்துச் சிரித்தால் அது எள்ளல். இரண்டும் சிரிப்புதான், ஆனால் ஒன்றில் நாம் அதன் பக்கம் இருக்கிறோம், இன்னொன்றில் எதிர்ப்பக்கம் நிற்கிறோம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு (இங்கே தளர்ச்சி என்று பொருள்), வறுமை. குஞ்சு எதையும் இழக்கவில்லை, தாழ்வாகப் பேசப்பட்டது, ஆகவே இளிவு. "சோகமான காட்சி" என்பதைவிட இது எவ்வளவு துல்லியம்!

மருட்கை, அதாவது வியப்பு, அனிமேஷனுக்காகவே எழுதியது போல இருக்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சின்னது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. நம் ஆந்தைக்குஞ்சு பகலில் தனியாக வெளியே போய் அதன் குடும்பம் பார்த்தே இராத நிறங்களைப் பார்க்கும் ஷாட்டைப் புதுமை என்று குறித்துவிட்டு நகரலாம். எட்டுக்கும் இடம் தேட வேண்டாம், வெகுளி, அதாவது கோபம், பல டிரெய்லர்களில் வராது, வந்தாலும் வில்லனிடம்தான் இருக்கும்.

ஆறாவது: யாரிடம் பேசுகிறது

குடும்பப் படத்துக்கு டிக்கெட் வாங்குபவர் ஒருவர், போகலாம் என்று அடம்பிடிப்பவர் இன்னொருவர். ஹாலிவுட்டில் பார்வையாளர்களை ஆண், பெண், 25 வயதுக்குக் கீழே, மேலே என்று நான்கு கட்டமாகப் பிரித்துப் பேசுவார்கள், குடும்ப அனிமேஷன் நான்கையும் பிடிக்கப் பார்க்கும். எளிய டிரெய்லர் முறை வைத்துப் பேசும், இந்த நகைச்சுவை குழந்தைக்கு, இந்த வசனம் அம்மா அப்பாவுக்கு என்று. கெட்டிக்கார டிரெய்லர் ஒரே ஷாட்டில் இரண்டு பேரிடமும் பேசிவிடும்.

2004-இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்துக்கு முந்தைய ஆண்டே ஒரு டீசர் வந்தது. ஓய்வில் இருக்கும் ஒரு சூப்பர்ஹீரோ மறுபடி உடையை மாட்டுகிறார், தொப்பை விழுந்திருக்கிறது, பெல்ட் பூட்ட மாட்டேன் என்கிறது, இழுக்கிறார், எம்புகிறார், படாத பாடு படுகிறார். குழந்தைக்கு அது ஒரு குண்டு மாமா உருளும் வேடிக்கை, நாற்பதைத் தாண்டியவருக்கு அது சொந்த பெல்ட்.

நம் 0:47-ஐப் பாருங்கள். "இவன் பறக்கவே மாட்டானோ" என்பது பெற்றோரின் கவலை, ராத்திரி இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வது. 0:53 பிள்ளையின் அனுபவம், தூங்குவது போல் நடித்துக்கொண்டு பெரியவர்கள் பேசுவதைக் கேட்பது. இரண்டுக்கும் நடுவில் ஆறே நொடி. கூடவே பெரியவர்களுக்கு இன்னொரு குத்து: நாம் பேசியதை நம் பிள்ளையும் கேட்டிருக்குமோ. முதல் தடவையில் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் குறித்தீர்களே, அது இங்கேதான் பயன்படும்.

திரையில் வரும் எழுத்துகளையும் இந்த இடத்தில் சேர்த்துப் பாருங்கள். "இன்ன படத்தை எடுத்தவர்களிடமிருந்து" என்று வந்தால் அது பெரியவர்களுக்கு, அவர்கள் சின்ன வயதில் பார்த்த படத்தின் மேல் வைத்த பாசத்தை இந்தப் படத்தின் கணக்கில் வரவு வைப்பதற்கு. 'வால்-ஈ' படத்தின் முதல் டீசரில் இதையே ஒரு கதையாக்கிவிட்டார்கள், இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனே வந்து 1994-இல் நண்பர்கள் சேர்ந்து சாப்பிட்ட ஒரு மதிய உணவின்போதுதான் 'ஃபைண்டிங் நீமோ' உட்பட நான்கு படங்களின் யோசனை பிறந்தது, அதில் மிச்சமிருந்த கடைசிக் கதை இது என்கிறார். பாத்திரத்தைக் காட்டும் முன்பே ஏக்கம் வந்துவிடுகிறது.

ஏழாவது: எங்கே கையை எடுத்துக்கொண்டது

தலைப்பு வருவதற்கு முந்தைய கடைசி ஷாட்டுக்குப் போங்கள். அங்கே ஏதோ ஒன்று முடியாமல் நிற்கும். குஞ்சு பாறை விளிம்பிலிருந்து குதிக்கிறது, சிறகு விரிந்ததா இல்லையா தெரியாது, திரை இருட்டு, தலைப்பு. அப்புறம் கடைசிச் சிரிப்பு, தலைப்பின் எழுத்து ஒன்றின் மேல் குஞ்சு தூங்கி வழிகிறது. பதற்றத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் குழந்தைகள் பயந்துவிடும், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு, பெற்றோருக்கும் "ஒன்றும் ஆகாது, கூட்டிவரலாம்" என்று ஒரு தைரியம்.

இப்போது படத்தைப் பாருங்கள். டிரெய்லரில் இருந்தது படத்தில் இல்லாமல் இருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், அதெல்லாம் சகஜம், மோசடி என்று உடனே குதிக்க வேண்டாம். டிரெய்லர் திறந்துவைத்த அந்த உணர்ச்சியைப் படம் உண்மையிலேயே மூடியதா என்பதை மட்டும் பாருங்கள். குஞ்சு பறந்ததா என்பதைவிட, அந்த இரவுப் பேச்சைக் கேட்டதை அது அப்பாவிடம் என்றாவது சொன்னதா?

எழுதும்போது

பெரியதாகக் குறித்த அந்த ஒரு நொடியில் தொடங்குங்கள், கதைச்சுருக்கத்தில் தொடங்காதீர்கள். நொடியைச் சொல்லி, திரையில் என்ன, காதில் என்ன என்று காட்டிவிட்டு, அது ஏன் வேலை செய்தது என்று பின்னோக்கிப் போங்கள். "அற்புதம்", "நெகிழ்ச்சி", "வேற லெவல்" மூன்றையும் தேடி அழித்துவிடுங்கள். அழித்த இடத்தில் ஓட்டை விழுந்தால் அங்கே இன்னும் அட்டவணை போடவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போய் அந்த இருபது நொடியை மட்டும் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, மொழிமாற்றிய டிரெய்லரை எடுத்தால் மூலத்தையும் கூடவே பாருங்கள். படம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் இரண்டாம் தடவையை மறுபடி செய்ய வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் மூன்றாம் தடவையை மட்டும் இரண்டு மொழியிலும் செய்யுங்கள். "இவன் பறக்கவே மாட்டானோ" என்பதை ஒருவர் கவலையாகச் சொல்லியிருப்பார், இன்னொருவர் அலுப்பாகச் சொல்லியிருப்பார், அந்த ஒரு குரலில் அப்பாவே வேறு ஆளாகியிருப்பார்.